வங்கி அதிகாரித் தேர்வில் 80:20 உண்மையில் எவ்வளவு? ஐபிபிஎஸ், எஸ்பிஐ தேர்வுமுறைகள் பற்றி ஒரு மதிப்பீடு

பொதுத்துறை வங்கிகளுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் ஐபிபிஎஸ் நிறுவனத்தின் பணியைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் வினாத்தாள் எவ்வளவு கடினம், கட்-ஆஃப் (தேறுவதற்கான குறைந்தபட்ச மதிப்பெண்) எவ்வளவு வரும், எந்தப் பாடத்தை எப்படிப் படிப்பது என்பவற்றோடு நின்றுவிடுகின்றன. ஒரு விண்ணப்பதாரரைப் பல வகையில் அளந்து, அந்த அளவுகளையெல்லாம் (எழுத்துத் தேர்வுக்கு 80, நேர்காணலுக்கு 20 என்பதுபோல) சேர்த்து ஒரே தரவரிசையாக ஆக்கும் முறை நியாயமாக வேலை செய்கிறதா என்பதை நிதானமாக ஆராய்ந்து எழுதுபவர்கள் குறைவு. வங்கித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்குக் கணக்கும் தரவுப் பகுப்பாய்வும் கற்பித்து வருகிறவன் என்ற முறையில், ஐபிபிஎஸ் நடத்தும் அதிகாரி (பிஓ) தேர்வையும், பாரத ஸ்டேட் வங்கி (எஸ்பிஐ) தனியாக அறிவித்து நடத்தும் பிஓ தேர்வையும் ஒரு பொதுச் சேவையாகக் கருதி இங்கே மதிப்பிடுகிறேன்.

முதலில் இந்தச் சேவைக்கு உரிய பாராட்டைச் சொல்லிவிட வேண்டும். தேசிய வங்கி மேலாண்மை நிறுவனத்துக்குள் 1975இல் ஒரு பிரிவாகத் தொடங்கி, 1984இல் தனி அமைப்பாகப் பிரிந்த ஐபிபிஎஸ், 2011 முதல் பொதுத் தேர்வை நடத்தி வருகிறது. அதற்கு முன் ஒவ்வொரு வங்கியும் தனித்தனியே விளம்பரம் கொடுத்து, தனித்தனியே கட்டணம் வாங்கி, தனித்தனியே தேர்வு நடத்தியது. ஒரே ஆண்டில் பல வங்கிகளுக்கு விண்ணப்பிக்கும் கிராமத்துப் பட்டதாரிக்கு அந்தச் செலவும் அலைச்சலும் பெரும் சுமை. இன்று 11 பொதுத்துறை வங்கிகளுக்கு ஒரே விண்ணப்பம், ஒரே எழுத்துத் தேர்வு, ஒரே நேர்காணல். தேர்வு பல வேளைகளாகப் பிரித்து நடத்தப்படுவதால் ஒரு வேளையின் தாள் எளிதாகவும் இன்னொன்று கடினமாகவும் அமைந்துவிடும்; அந்த வேறுபாட்டைச் சதமான அடிப்படையில் சமன்செய்துதான் மதிப்பெண் தருகிறார்கள். நேர்காணல் வரை சென்றவர்களுக்கு எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணும் நேர்காணல் மதிப்பெண்ணும் தனித்தனியே தெரிவிக்கப்படுகின்றன. இந்த அளவுக்கு வெளிப்படையாக ஆளெடுக்கும் தனியார் நிறுவனம் எதையும் நான் பார்த்ததில்லை.

பலவகை அளவீடுகளைச் சேர்ப்பதற்கு அடிப்படையில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒவ்வொரு அளவீட்டிலும் ஒரு குறைந்தபட்ச எல்லையை வைத்து, அதைத் தாண்டாதவரை அங்கேயே நிறுத்திவிடுவது. மற்றொன்று, எல்லா மதிப்பெண்களையும் உரிய விகிதத்தில் கூட்டி, ஒன்றில் குறைந்ததை இன்னொன்றில் ஈடுகட்ட இடம் கொடுப்பது. வங்கித் தேர்வு இந்த இரண்டையும் கலந்து பயன்படுத்துகிறது. எந்த இடத்தில் எதைப் பயன்படுத்துகிறது என்பதில்தான் என் பாராட்டும் குறையும் அடங்கியிருக்கின்றன.

ஐபிபிஎஸ் முதல்நிலைத் தேர்வு 100 வினாக்கள், 100 மதிப்பெண்கள், ஒரு மணி நேரம். ஆங்கிலத்தில் 30 வினாக்களும், கணக்கிலும் பகுத்தறிதலிலும் தலா 35 வினாக்களும் இருக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் 20 நிமிடம். அதாவது கணக்கில் ஒரு வினாவுக்குச் சராசரியாக 34 விநாடிகள்தான் கிடைக்கும். தவறான விடைக்கு அந்த வினாவின் மதிப்பெண்ணில் கால் பங்கு கழிக்கப்படும். ஐபிபிஎஸ் தேர்வில் ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் கட்-ஆஃப் உண்டு. அவற்றோடு மொத்தக் கட்-ஆஃபையும் தாண்டினால்தான் முதன்மைத் தேர்வுக்குப் போக முடியும். எஸ்பிஐ பிஓ முதல்நிலைத் தேர்விலோ பகுதிவாரிக் கட்-ஆஃப் கிடையாது. மொத்த மதிப்பெண் மட்டுமே பார்க்கப்படுகிறது. ஒரே வகையான வேலைக்கு, ஏறத்தாழ ஒரே பாடத்திட்டத்தில் நடக்கும் இரண்டு தேர்வுகள் இந்த ஒரு விஷயத்தில் எதிரெதிர் கொள்கை வைத்திருக்கின்றன.

இந்த இரண்டில் எஸ்பிஐயின் வழியே சரி என்று நினைக்கிறேன். இருபது நிமிடத்தில் எழுதும் ஒரு சிறு தேர்வில் அளவீட்டுப் பிழை கணிசமாக இருக்கும். அன்றைய பதற்றம், ஊகித்துக் குறித்த ஒரு விடை, பாதியில் விட்ட ஒரு தரவுப் படம் எனச் சிறு காரணங்களே ஒன்றிரண்டு மதிப்பெண்களை மாற்றிவிடும். அப்படிப்பட்ட மூன்று எல்லைகளை அடுத்தடுத்து வைக்கும்போது பிழைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடுகின்றன. உண்மையிலேயே தகுதியுள்ள ஒருவர் ஒவ்வொரு எல்லையையும் தாண்டும் வாய்ப்பு 100க்கு 90 என்றும், மூன்றும் ஒன்றையொன்று சாராதவை என்றும் வைத்துக்கொண்டால், மூன்றையும் தாண்டும் வாய்ப்பு 73க்குச் சற்றே குறைவு. நடைமுறையில் மூன்று பகுதிகளும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் இழப்பு இந்த அளவுக்குப் போகாது. ஆனாலும் அது போகும் திசை இதுதான். கணக்கிலும் பகுத்தறிதலிலும் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்ற ஒருவர் ஆங்கிலத்தில் கால் மதிப்பெண் குறைந்ததற்காக ஓராண்டை இழப்பது, அவருடைய ஆங்கிலம் வங்கி வேலைக்குப் போதாது என்பதற்கு ஆதாரமாகாது.

குறைந்தபட்ச எல்லை எங்கே பொருந்தும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு வங்கி எழுத்தர் தேர்விலேயே இருக்கிறது. அங்கே நேர்காணல் கிடையாது. கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணலை நீக்குவதென்று மத்திய அரசு எடுத்த முடிவு 2016 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்ததை ஒட்டி, வங்கி எழுத்தர் பணிக்கும் அது கைவிடப்பட்டது. முதன்மைத் தேர்வு மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடுகிறார்கள். அதோடு உள்ளூர் மொழித் தகுதியும் வேண்டும். தமிழ்நாட்டுக் கிளையில் முதியோர் ஓய்வூதியத்துக்காக வந்து நிற்கும் ஒரு பாட்டியிடம் பேசத் தெரியாதவருக்கு, பின்னக் கணக்கில் எவ்வளவு வேகம் இருந்தும் அந்த இடத்தில் பயனில்லை. இல்லாமையை வேறெதனாலும் ஈடுகட்ட முடியாத தகுதிக்கு எல்லை வைப்பது சரியே. எஸ்பிஐ வட்ட அளவில் எடுக்கும் அதிகாரி பணிக்கும் உள்ளூர் மொழித் தேர்வு வைக்கிறது. ஆனால் நாடு முழுதும் பணியமர்த்தப்படும் பிஓ பணியில் அப்படியோர் எல்லை இல்லை. இந்தியா முழுவதும் மாற்றலாகக் கூடிய பணிக்கு எந்த மொழியை முன்கூட்டியே சோதிப்பது என்ற நடைமுறைச் சிக்கல் எனக்குப் புரிகிறது. பணியில் சேர்ந்தபின் கற்பதைக் கட்டாயமாக்கி, பணி உறுதிப்படுத்தலோடு அதை இணைப்பதே இதற்கு வழி என்று தோன்றுகிறது.

முதல்நிலை மதிப்பெண் இறுதிக் கணக்கில் சேர்வதில்லை. இலட்சக்கணக்கான விண்ணப்பங்களைச் சலித்தெடுப்பதற்கு அது ஒரு வாயில் மட்டும் என்பதால் அதில் எனக்குக் குறையில்லை.

இனி இந்த மதிப்பீட்டின் மையத்துக்கு வருகிறேன். ஐபிபிஎஸ் முதன்மைத் தேர்வு கொள்குறி வினாக்களுக்கு 200, விரித்து எழுதும் தாளுக்கு 25, ஆக மொத்தம் 225 மதிப்பெண்கள். நேர்காணல் 100 மதிப்பெண்கள். அதில் பொதுப் பிரிவினர் 40 விழுக்காடும், ஓபிசி, எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி பிரிவினர் 35 விழுக்காடும் பெற்றாக வேண்டும். இறுதியில் முதன்மைத் தேர்வுக்கு 80, நேர்காணலுக்கு 20 என்ற விகிதத்தில் இரண்டையும் கூட்டுகிறார்கள். அறிவிப்பைப் படிக்கும் எவரும், ஐந்தில் நான்கு பங்கு எழுத்துத் தேர்வே முடிவு செய்கிறது என்றுதான் புரிந்துகொள்வார். என்னிடம் படிக்கும் மாணவர்களும் அப்படித்தான் நம்புகிறார்கள், அந்த நம்பிக்கையில் நேர்காணலுக்குப் போதுமான கவனம் கொடுக்காமல் விடுகிறார்கள்.

இரண்டு அளவீடுகளைக் கூட்டும்போது எது எவ்வளவு தீர்மானிக்கிறது என்பது அறிவிப்பில் எழுதப்பட்ட விகிதத்தை மட்டும் பொறுத்ததன்று. ஒவ்வொன்றிலும் மதிப்பெண்கள் எவ்வளவு விரிந்து பரவியிருக்கின்றன என்பதையும் பொறுத்தது. எல்லோருக்கும் ஒரே மதிப்பெண் விழும் ஒரு தாளுக்கு 90 விழுக்காடு கொடுத்தாலும் தரவரிசையில் அதன் பங்கு சுழியம்தான். நேர்காணலுக்கு அழைக்கப்படுபவர்கள் முதல்நிலையிலும் முதன்மையிலும் சலிக்கப்பட்டு வந்தவர்கள். ஆகவே அவர்களுடைய எழுத்துத் தேர்வு மதிப்பெண்கள் ஒரு குறுகிய இடைவெளிக்குள் நெருங்கிக் கிடக்கும். நேர்காணல் மதிப்பெண்களுக்கு அப்படியொரு நெருக்கம் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டுக்காக, அழைக்கப்பட்டவர்களின் முதன்மைத் தேர்வு மதிப்பெண்கள் 85 முதல் 110 வரை இருப்பதாகவும், நேர்காணல் மதிப்பெண்கள் 30 முதல் 75 வரை இருப்பதாகவும் கொள்வோம். எழுத்துத் தேர்வின் 25 மதிப்பெண் இடைவெளி 80க்கு மாற்றப்படும்போது ஏறக்குறைய 8.9 ஆகிறது, நேர்காணலின் 45 மதிப்பெண் இடைவெளி 20க்கு மாற்றப்படும்போது 9 ஆகிறது. பெயரளவில் 80:20 என்பது நேர்காணல் அறைக்குள் நுழையும்போது ஏறத்தாழ 50:50 ஆகிவிடுகிறது. இரண்டு பேரை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். முதன்மைத் தேர்வில் 108 பெற்று நேர்காணலில் 42 பெற்றவரின் இறுதி மதிப்பெண் 38.4ம் 8.4ம் சேர்ந்து 46.8. முதன்மைத் தேர்வில் 94 மட்டுமே பெற்று நேர்காணலில் 70 பெற்றவருக்கு 33.4ம் 14ம் சேர்ந்து 47.4. மூன்று மணி நேர எழுத்துத் தேர்வில் உழைத்துச் சேர்த்த 14 மதிப்பெண் முன்னிலையைச் சில நிமிட உரையாடல் கவிழ்த்துவிடுகிறது.

எஸ்பிஐயில் முதன்மைத் தேர்வு 250 மதிப்பெண்ணுக்கும், குழுச் செயல்பாடு 20, நேர்காணல் 30 என்று மூன்றாம் கட்டம் 50 மதிப்பெண்ணுக்கும் நடந்து, அவை முறையே 75க்கும் 25க்கும் மாற்றப்படுகின்றன. மேலே சொன்ன கணக்கு அங்கே இன்னும் வலுவாகப் பொருந்தும். ஆனால் எஸ்பிஐ அந்த 25ஐ ஒரே உரையாடலில் வைக்காமல் இரண்டு வேறு சூழல்களில் பிரித்து அளப்பது, ஒரு தனிக் குழுவின் விருப்பு வெறுப்புக்கு இருக்கும் இடத்தைக் குறைக்கிறது.

நேர்காணலுக்கு எவ்வளவு எடை தரலாம் என்பது நம் நாட்டில் உச்சநீதிமன்றம் வரை போன கேள்வி. 1980இல் அஜய் ஹாசியா வழக்கில், ஸ்ரீநகர் வட்டாரப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கையில் எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்காணலுக்கு 50 என வைத்திருந்ததை ஏற்க மறுத்த நீதிமன்றம், அத்தகைய சேர்க்கையில் நேர்காணல் 15 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்றது. இரண்டு மூன்று நிமிடங்களில் நேர்காணல் முடிக்கப்பட்டதும் அங்கே பேசப்பட்டது. அடுத்த ஆண்டில் லீலா தர் வழக்கில், இராஜஸ்தான் நீதித்துறைப் பணிக்கு 25 விழுக்காடு நேர்காணல் ஏற்கப்பட்டது. முதிர்ந்த வயதினர் வரும் பணிகளில் ஆளுமைக்குக் கூடுதல் எடை தரலாம் என்பது அதன் தருக்கம். 1985இல் அசோக் குமார் யாதவ் வழக்கில் ஹரியானா குடிமைப் பணித் தேர்வின் 33.3, 22.2 விழுக்காடுகள் மிகுதி எனக் கருதப்பட்டு, பொதுப் பிரிவுக்கு அன்றைய மத்தியத் தேர்வாணைய அளவான 12.2 விழுக்காடு காட்டப்பட்டது. இன்றைய குடிமைப் பணித் தேர்வில் மொத்தம் 2025 மதிப்பெண்களில் நேர்காணலுக்கு 275, அதாவது 13.6 விழுக்காடு. தமிழ்நாட்டுக் குரூப் 1 தேர்வில் 850இல் 100, அதாவது 11.8 விழுக்காடு. இவற்றோடு ஒப்பிட்டால் வங்கிகளின் 20ம் 25ம் உயர்ந்த பக்கத்தில் இருக்கின்றன. ஆனால் இந்த வழக்குகளில் விவாதம் பெரும்பாலும் அறிவிக்கப்பட்ட விழுக்காட்டையே மையமாகக் கொண்டு நடந்தது; அசோக் குமார் யாதவ் வழக்கில் மதிப்பெண்களின் பரவலும் பேசப்பட்டது. நான் மேலே சொன்ன பரவலின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால், பத்து விழுக்காடு என்று அறிவித்துவிட்டு மதிப்பெண்களைத் தாராளமாக விரித்துப் போடும் ஒரு குழு, இருபது விழுக்காட்டில் கட்டுப்பாடாக மதிப்பெண் போடும் குழுவைவிட அதிகமாகத் தரவரிசையைப் புரட்ட முடியும்.

இதற்காக நேர்காணலையே ஒழிக்கச் சொல்ல மாட்டேன். வங்கி அதிகாரி கடன் கேட்டு வருபவரிடம் விசாரித்து அறிய வேண்டியவர், கோபத்தோடு வரும் வாடிக்கையாளரை எதிர்கொள்ள வேண்டியவர். அதைக் கொள்குறி வினா அளக்காது. ஆய்வுகளும் இதற்கு ஆதரவாகவே இருக்கின்றன. உளவியலாளர்கள் ஷ்மிட், ஹன்டர் இருவரும் 1998இல் வெளியிட்ட தொகுப்பாய்வில் (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்க்கும் ஆய்வு) பொது அறிவாற்றல் தேர்வுக்கும், எல்லோருக்கும் ஒரே வினாக்களை ஒரே அளவுகோலில் மதிப்பிடும் கட்டமைக்கப்பட்ட நேர்காணலுக்கும் தனித்தனியே பணித்திறனோடு 0.51 என்ற தொடர்பு (1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் தொடர்பே இல்லை) இருப்பதாகவும், இரண்டையும் சேர்த்தால் அது 0.63 ஆக உயர்வதாகவும் மதிப்பிட்டார்கள். 2022இல் சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் அந்தக் கணக்கைத் திருத்தி, அறிவாற்றல் தேர்வுக்கு 0.31, கட்டமைக்கப்பட்ட நேர்காணலுக்கு 0.42 என்று தாழ்த்தினார்கள். மனம்போன போக்கில் கேட்கப்படும் நேர்காணலுக்கு அவர்கள் தந்தது 0.19 மட்டுமே. நேர்காணலின் பயன் முழுவதும் அது எப்படி நடத்தப்படுகிறது என்பதில் இருக்கிறது என்பதே இதன் பொருள். ஐபிபிஎஸ் அறிவிப்பில் நேர்காணலின் மொத்த மதிப்பெண்ணும் தேர்ச்சி எல்லையும் இருக்கின்றன. எந்தெந்தப் பண்புகள் எந்த அளவுகோலில் பார்க்கப்படும் என்ற விளக்கம் இல்லை. நேர்காணல்கள் மாநிலந்தோறும் பங்கேற்கும் வங்கிகளால், பொறுப்பு வங்கிகளின் ஒருங்கிணைப்பில் நடக்கின்றன. எழுத்துத் தேர்வின் வேளைகளுக்கு இடையிலான வேறுபாட்டை இவ்வளவு கவனமாகச் சமன்செய்யும் ஒரு நிறுவனம், கண்டிப்பான குழுவுக்கும் தாராளமான குழுவுக்கும் இடையிலான வேறுபாட்டுக்கும் அதே கவனத்தைக் காட்டுவதாக அறிவிப்பில் சொன்னால் எனக்கு நிறைவாக இருக்கும்.

அண்மையில் சேர்ந்த ஆளுமைத் தேர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். எஸ்பிஐ மூன்றாம் கட்டத்துக்கு அழைப்பவர்களுக்கு உளவியல் தேர்வு வைக்கிறது. அதன் முடிவு நேர்காணல் குழுவின் முன் வைக்கப்படலாம் என்று அறிவிப்பு சொல்கிறது. ஐபிபிஎஸ்ஸும் 2025 பிஓ தேர்வில் ஆளுமைத் தேர்வைச் சேர்த்தது. மதிப்பெண் இல்லாத, தரவரிசையில் நேரடியாகக் கூடாத ஓர் அளவீடு குழுவின் மேசைக்கு வருமானால், அதன் எடை எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு குழு அதைப் புரட்டிக்கூடப் பார்க்காது. இன்னொரு குழு அதில் கண்ட ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொண்டே வினாக்களைத் தொடங்கும். பல தகவல்களை மனத்தால் கலந்து முடிவெடுப்பதைவிட, முன்கூட்டியே தீர்மானித்த விகிதத்தில் கூட்டி முடிவெடுப்பது பொதுவாகத் துல்லியமானது என்பதை அமெரிக்க உளவியலாளர் பால் மீல் 1954இலேயே விரிவாக எடுத்துக்காட்டினார். அதன்பின் வந்த தொகுப்பாய்வுகளும் அதை உறுதிப்படுத்தியிருக்கின்றன. ஆகவே ஆளுமைத் தேர்வுக்கு ஒரு சிறிய எடையை வெளிப்படையாகக் கொடுக்கட்டும். அல்லது குழு மதிப்பெண்ணைப் பதிவு செய்து முடித்த பிறகு மட்டும் அந்த அறிக்கையைத் திறக்கட்டும். இப்போதைய ஏற்பாட்டில் இரண்டு அளவீடுகளும் ஒன்றையொன்று கறைப்படுத்துகின்றன, பலவகை அளவீடு வைத்ததன் நோக்கமே அதில் கெடுகிறது.

தேர்வில் முற்றிலும் இல்லாத ஓர் அளவீடும் உண்டு. ஒரு சிறு வணிகரின் வரவு செலவுக் கணக்கையும் கடன் விண்ணப்பத்தையும் கொடுத்து, இவருக்குக் கடன் தரலாமா, எந்த விவரம் குறைகிறது என்று எழுதச் சொல்லும் செய்முறைத் தேர்வு அது. முதன்மைத் தேர்வின் 25 மதிப்பெண் விரித்தெழுதும் தாள் வேலையின் தன்மையைச் சற்றே தொடுகிறது. வங்கிக்கு வந்த ஒரு புகாருக்குப் பதில் கடிதம் எழுதச் சொன்னால் அது உண்மையான பணி மாதிரியாகவே ஆகும். தரவுப் பகுப்பாய்வு, பகுத்தறிதல், ஆங்கிலம் என்று தனித்தனிப் பெயரில் வைக்கப்படும் பகுதிகளோ பெரும்பாலும் ஒரே திறனையே, அதாவது நெருக்கடி நேரத்தில் வேகமாகச் சிந்திக்கும் ஆற்றலையே, வெவ்வேறு கோணங்களில் அளக்கின்றன. ஏற்கெனவே அளந்ததையே மறுபடி அளக்கும் இன்னொரு பகுதி எவ்வளவு நம்பகமாக இருந்தாலும் தேர்வின் கணிப்புத் திறனை அதிகம் கூட்டாது. இதுவரை அளக்காத ஒன்றைத் தொடும் சிறு தாள் அதைக் கணிசமாகக் கூட்டும். பகுத்தறிதலில் பத்து வினாக்களைக் குறைத்துவிட்டு அந்த நேரத்தை ஒரு கடன் விண்ணப்பத்துக்குக் கொடுத்தால் வங்கிக்கு நல்ல அதிகாரிகள் கிடைப்பார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

இந்தத் தேர்வை எழுதப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. முதன்மைத் தேர்வு கட்-ஆஃபை விட 10 மதிப்பெண் கூடுதலாக இருப்பதால் இடம் உறுதி என்று எண்ண வேண்டாம். 80க்கு மாற்றினால் அது 3.6 மதிப்பெண்தான், நேர்காணலில் 18 மதிப்பெண் குறைந்தால் அது கரைந்துவிடும். அதே கணக்கின்படி, எல்லைக்கோட்டில் தேறி அழைப்பு பெற்றவர்கள் நம்பிக்கை இழக்கவும் காரணமில்லை. சொந்த ஊரின் பொருளாதாரம், படித்த பாடத்துக்கும் வங்கிக்கும் உள்ள தொடர்பு, முன்னுரிமைக் கடன், வாராக்கடன் போன்ற அடிப்படைகள் ஆகியவற்றைப் பற்றித் தெளிவாகப் பேசப் பழகுவதற்கு, எழுத்துத் தேர்வுக்குக் கொடுத்த உழைப்பில் ஒரு நியாயமான பங்கைக் கொடுங்கள்.

ஐபிபிஎஸ்ஸிடமும் எஸ்பிஐயிடமும் நான் கேட்பது செலவு பிடிக்காத ஒன்றுதான். ஒவ்வோர் ஆண்டும் இறுதி முடிவோடு, நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவர்களின் முதன்மைத் தேர்வு மதிப்பெண்ணின் சராசரியையும் திட்டவிலக்கத்தையும் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு), நேர்காணல் மதிப்பெண்ணின் சராசரியையும் திட்டவிலக்கத்தையும் மாநிலவாரியாக வெளியிட வேண்டும். பெயர்கள் வேண்டாம், தனி மதிப்பெண்கள் வேண்டாம். மாநிலத்துக்கு நான்கு எண்கள் போதும். அவை இருந்தால் 80:20 என்று அறிவித்தது நடைமுறையில் எத்தனைக்கு எத்தனையாக ஆனது என்பதை எந்தக் கல்லூரி மாணவரும் தாமே கணக்கிட்டுக்கொள்வார். இரண்டு பரவல்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகு 80:20ஐப் பயன்படுத்துவது அடுத்த படி; அதற்கு ஒரு கணினி நிரலில் சில வரிகளை மாற்றினால் போதும்.